கைப்பேசிப் படியும் கணக்கில் ஏறாத நேரமும்

வேலை செய்பவருக்கு அவ்வேலைக்குரிய கருவியை வேலை கொடுப்பவரே தருவது உலகெங்கும் உள்ள வழக்கம். தபால்காரருக்குப் பையும், காவலருக்கு விசிலும், தோட்டக்காரருக்கு மண்வெட்டியும் அவ்வாறே தரப்படுகின்றன. அந்தி சாய்ந்ததும் மண்வெட்டி கொட்டகைக்குத் திரும்பிவிடும். பை அஞ்சலகத்து ஆணியில் தொங்கும். கருவியைக் கீழே வைத்த இடத்தில் வேலையும் முடிந்துவிடுகிறது. இந்த எல்லை கண்ணுக்குத் தெரிந்தவரை யாருக்கும் ஐயம் எழவில்லை. சட்டைப் பையில் ஏறி வீடுவரை வந்து, இரவில் தலையணைக்கு அருகே இடம் பிடித்துக்கொள்ளும் ஒரு கருவி வந்த பிறகுதான் எல்லை மறைந்தது, ஐயங்களும் தொடங்கின.

கைப்பேசியைத்தான் சொல்கிறோம்.

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவில் நாம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பணியாற்றினோம். ஊழியர்களுக்குக் கைப்பேசி வழங்கிய காலம், அதன் பில்லை வரிவரியாகச் சரிபார்த்த காலம், கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு அதற்கு ஈடாக மாதப் படி கொடுத்த காலம் ஆகிய மூன்றையும் அந்த ஒரே மேசையில் அமர்ந்து கண்டோம். மாதம் 30, 40 டாலர் விவகாரம். இதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர் வினவக்கூடும். தொகை சிறிதுதான். ஆனால் அத்தொகையின் பின்னே மறைந்து நிற்கும் கேள்வி சிறிதன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் நூலகராகவும், கணினிப் பிரிவினராகவும், அலுவலராகவும் இருக்கின்றனர். விடுமுறையில் ஊர் வந்த மகன், சோற்றில் கை வைத்தபடியே திரையைப் பார்த்துவிட்டு எழுந்து போவதைக் கண்டு மனம் வருந்தும் தாய்மார்கள் உண்டு. அவர்களுக்கும் இக்கேள்வியில் பங்குண்டு என்றே நாம் கருதுகிறோம்.

முதலில் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். கையில் எடுத்துச் செல்லத்தக்க முதல் கைப்பேசி 1983ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மோட்டோரோலா நிறுவனத்தின் தயாரிப்பு. விலை 3,995 டாலர். ஏறத்தாழ முக்கால் கிலோ எடை. ஒருமுறை மின்னேற்றினால் அரைமணி நேரம் பேசலாம். அத்தகைய கருவியை ஒரு நிறுவனம் தன் அலுவலருக்குக் கொடுத்தால், அது மோட்டார் காரைக் கொடுப்பதற்கு ஒப்பாகவே அன்று எண்ணப்பட்டது. ஆகவே 1989இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு திருத்தம் செய்தது. சொந்த உபயோகத்துக்கு எளிதில் இடங்கொடுக்கும் பொருள்கள் என்று கார் முதலியவற்றை அடக்கி வருமான வரிச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. அதில் கைப்பேசியும் சேர்க்கப்பட்டது. அலுவலர் ஒவ்வொரு அழைப்புக்கும் குறிப்பு வைக்கவேண்டும். எது அலுவல், எது சொந்தம் என்று பிரித்துக் காட்டவேண்டும். காட்டத் தவறினால், கருவிக்கும் அழைப்புக்கும் நிறுவனம் செலவிட்ட தொகை முழுவதையும் சம்பளமாகக் கணக்கிட்டு வரி பிடிக்கவேண்டும். சட்டத்தின் சாரம் இதுதான்.

அன்று இயற்றிய விதியில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் விதி நின்றுவிட்டது, விலையோ நிற்கவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கைப்பேசி மாணவர் கைக்கும் வந்துவிட்டது. நாம் பணியில் சேர்ந்த காலத்தில் நிலைமை இப்படி இருந்தது: மாத முதல் வாரம் தடித்த பில்கள் கட்டுக்கட்டாக வரும். அவற்றைப் பிரித்து உரியவருக்கு அனுப்புவோம். அவர்கள் மஞ்சள் மையால் சொந்த அழைப்புகளுக்குக் கோடிட்டு, அத்தொகைக்குக் காசோலை எழுதி, கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பவேண்டும். பெயர்பெற்ற ஆராய்ச்சியாளர் ஒருவர், தம் மனைவியிடம் ‘வரத் தாமதமாகும்’ என்று சொன்ன ஒரு நிமிடத்துக்குக் கோடிட்டு, சில்லறைக் காசுக்குக் காசோலை அனுப்பியதை நாம் கண்டதுண்டு. அக்காசோலையைப் பதிவு செய்து வங்கியில் சேர்க்க ஆகும் செலவு அதைப்போல் பல மடங்கு! நேர்மையாளர் மாதந்தோறும் ஒரு மாலைப்பொழுதை இதற்கென இழந்தார். பொறுப்பற்றவர் கோடே இடாமல் கையொப்பமிட்டு அனுப்பினார். இருவருடைய தாளும் ஒரே கோப்பில் அடுக்கப்பட்டன.

அக்காலத்தில் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களைப் பற்றி நம் வீடுகளில் சொல்லப்படும் விளக்குக் கதையை நாம் அடிக்கடி நினைத்துக்கொள்வோம். இரவில் அரசு அலுவல் பேச வந்த ஒருவர், அலுவல் முடிந்ததும் கலீஃபாவின் குடும்ப நலத்தை விசாரிக்கத் தொடங்கினாராம். உடனே கலீஃபா எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைத்துவிட்டு வேறொரு விளக்கை ஏற்றினாராம். முன்னது பொதுப்பணத்தில் வாங்கிய எண்ணெய். பின்னது சொந்த எண்ணெய். அமானிதம் என்ற சொல்லுக்குச் சிறுவயதில் நாம் கற்ற பொருள் இதுவே. மஞ்சள் மைக்கோடும் இதே நோக்கத்தில் பிறந்ததுதானே என்று தோன்றும். ஆயினும் ஒரு வேற்றுமை இருந்தது. அங்கே விளக்கை அணைத்தது ஒருவருடைய உள்ளம். இங்கே அவ்வேலையைப் படிவத்திடம் ஒப்படைத்தார்கள். உள்ளம் செய்யவேண்டியதைப் படிவம் செய்யப் புகுந்தால், உள்ளமுடையவரைத்தான் அது வருத்தும்.

பல்கலைக்கழகங்கள் இதைச் சரிவரச் செய்கின்றனவா என்று வரித்துறையினர் தணிக்கை செய்தனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வளாகங்கள் கைப்பேசிக் குறிப்புகள் போதாமையால் பெருந்தொகை கட்ட நேர்ந்த செய்தி மற்றப் பல்கலைக்கழகங்களிடையே பரவிற்று. எங்கும் அச்சம். “கருவியைத் திரும்ப வாங்கிவிடுவோம், அவரவர் சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும், நாம் மாதம் ஒரு படி கொடுத்து, அதைச் சம்பளத்தோடு சேர்த்து வரியும் பிடித்துவிடுவோம்” என்று பல இடங்களில் முடிவெடுக்கப்பட்டது. இதற்கிடையில் 2009 ஜூனில் வரித்துறை சில எளிய வழிகளை முன்வைத்துக் கருத்துக் கேட்டது. அவற்றுள் ஒன்று, உபயோகத்தில் 75 விழுக்காட்டை அலுவலாகவும் எஞ்சிய 25 விழுக்காட்டைச் சொந்தமாகவும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம் என்பது. கால் பங்குக்கு எல்லாரும் வரி கட்டவேண்டுமா என்று நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. சில நாட்களிலேயே வரித்துறை ஆணையரே, இச்சட்டம் காலத்துக்கு ஒவ்வாதது, இதை நாடாளுமன்றம் நீக்கிவிடுவதே நன்று என்று சொல்லும்படி ஆயிற்று.

2010 செப்டம்பரில் இயற்றிய ஒரு சட்டத்தின் மூலம் கைப்பேசி அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் வரித்துறை விளக்கம் வெளியிட்டது. அலுவல் தேவைக்காகத் தரப்படும் கைப்பேசிக்கு வரியில்லை. அதில் சொந்தமாகப் பேசுவதும் பொருட்படுத்தத்தகாத சிறு பயன் எனக் கொள்ளப்படும். சொந்தக் கைப்பேசியை அலுவலுக்குப் பயன்படுத்துவோருக்கு நியாயமான அளவில் ஈடுசெய்தாலும் இவ்வாறே. எது அலுவல் தேவை என்பதற்கு அவ்விளக்கம் காட்டிய சான்றுகளை வாசகர் கவனிக்கவேண்டும். அவசர வேளைகளில் ஊழியரை எந்நேரமும் அடையவேண்டியிருத்தல், அலுவலகத்துக்கு வெளியே இருக்கும்போதும் அவர் வாடிக்கையாளருக்குக் கிடைக்கவேண்டியிருத்தல், வேறு நேர மண்டலத்தில் உள்ளவருடன் வேலைநேரம் கழிந்தபின் பேசவேண்டியிருத்தல்: இவையெல்லாம் தக்க காரணங்கள். ஊழியரை மகிழ்விக்கவோ, புதியவரை ஈர்க்கவோ, சம்பளத்தைக் கூட்டித் தரவோ கொடுத்தால் அது தக்க காரணமாகாது.

மஞ்சள் மைப் பேனாக்கள் ஓய்வு பெற்றன. நாமும் மகிழ்ந்தோம். ஆனால் மேற்சொன்ன காரணங்களை மீண்டும் ஒருமுறை படித்தால், ஓர் உண்மை மெல்லத் தலைகாட்டும். ‘எந்நேரமும் அடையவேண்டியிருத்தல்.’ வரியில்லாமல் இப்படியைப் பெறுவதற்கு, ஓர் ஊழியர் தம் வீட்டு நேரமும் அழைப்புக்கு உட்பட்டதென்று எழுதிக் கையொப்பமிட வேண்டியதாயிற்று. பழைய படிவத்தில் அவர் கணக்குக் காட்டியது நிமிடங்களுக்கு. புதிய படிவத்தில் அவர் ஒப்புக்கொடுத்தது நாள் முழுவதையும். மாதம் 40 டாலருக்கு!

படி எவருக்கு என்பதிலும் ஒரு முறை இருந்தது. நம் பல்கலைக்கழகத்தில் பதவிப் பட்டியல் ஒன்று வைத்திருந்தனர். துணைத்தலைவர்களுக்கும் டீன்களுக்கும் உயர்ந்த படி, துறை மேலாளர்களுக்கு நடுத்தரம், எஞ்சியோரில் சிலருக்குக் குறைந்த படி, பலருக்கு ஒன்றுமில்லை. அதிகச் சம்பளம் பெறுபவருக்கு அதிகப் படி கிடைத்தது. அழைப்புகளோ அந்த வரிசையில் வரவில்லை. பனிக்காலத்து நள்ளிரவில் விடுதியொன்றில் நீர்க்குழாய் உறைந்து வெடித்தால் டீனையா கூப்பிடுவார்கள்? கொதிகலன் கூடத்து மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவார்கள். அவருடைய பெயர் பட்டியலில் இல்லை.

இதற்கு ஒரு சட்டக் காரணமும் சொல்லப்பட்டது. 1938ஆம் ஆண்டு அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி, மணிக்கூலி பெறும் ஊழியர் வாரம் 40 மணிக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி கொடுக்கவேண்டும். வீட்டிலிருந்து அலுவல் கடிதத்துக்குப் பதில் எழுதுவதும் வேலையே. அத்தகையோருக்குக் கைப்பேசியோ படியோ கொடுத்துவிட்டு, பின்னர் மிகைநேரக் கூலி கேட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தால், கொடாமலே இருப்பது நலம் என்று நிர்வாகிகள் கருதினர். கருவிதான் கொடுக்கப்படவில்லை, அழைப்பு நிற்கவில்லை. “அவசரமென்றால் கூப்பிடுகிறார்கள், ஐந்து நிமிடப் பேச்சுத்தானே, அதை யார் எழுதிக்கொண்டிருப்பது?” என்று அந்த மெக்கானிக் நம்மிடம் சிரித்தபடி சொன்னார். அந்த ஐந்து நிமிடங்களை எழுதாமல் விட்டதன் விலை என்ன என்பதற்குச் சிகாகோ நகரக் காவல்துறையினரின் வழக்கு சான்று. துறை தந்த பிளாக்பெரி கருவிகளில், பணிநேரம் கழிந்தபின் செய்த வேலைக்குக் கூலி கேட்டு ஒரு பிரிவினர் வழக்குத் தொடுத்தனர். 2017 ஆகஸ்டில் மேல்முறையீட்டு மன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர்கள் வேலையே செய்யவில்லை என்று மன்றம் சொல்லவில்லை. நேரத்தை உரிய படிவத்தில் எழுதித் தரவில்லை, ஆகவே மேலதிகாரிகள் அறிந்திருக்கவில்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. எழுதாத நேரம் இல்லாத நேரமாயிற்று.

அதே 2017ஆம் ஆண்டு ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. ஈரான், இராக், லிபியா, சோமாலியா, சூடான், சிரியா, ஏமன் ஆகிய ஏழு முஸ்லிம் நாட்டினர் 90 நாட்களுக்கு அமெரிக்காவுக்குள் வரலாகாது என்று அந்நாட்டுக் குடியரசுத்தலைவர் மாலைப்பொழுதில் ஆணையிட்டார். அந்நேரத்தில் ஆகாயத்தில் இருந்தவர்களும் உண்டு. விடுமுறை கழித்துத் திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள் விமான நிலையங்களில் நிறுத்தப்பட்டனர். நம் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசா விவரங்களைப் பார்த்துவந்த அம்மையார் ஒருவர் நமக்கு நன்கு அறிமுகமானவர். அவருடைய கைப்பேசி அன்றிரவு ஒலிக்கத் தொடங்கியது; திங்கள் காலைவரை ஓயவில்லை. ஒரு மாணவனின் தந்தை தெஹ்ரானிலிருந்து அழைத்தார். ஒரு மாணவி இஸ்தான்புல் விமான நிலையத்தில் அழுதுகொண்டு நின்றாள். வழக்கறிஞர்கள் கேட்ட தாள்களை அவர் தம் சமையலறை மேசையிலிருந்து அனுப்பிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை இரவு புரூக்லினில் ஒரு நீதிபதி இடைக்காலத் தடை விதித்த செய்தியை அவருக்குச் சொன்னதும் அவர்களுள் ஒரு மாணவன்தான்.

அந்த அம்மையாருக்குக் கைப்பேசிப் படி கிடையாது. ‘அவசர வேளையில் அடையப்படவேண்டிய தேவை இப்பதவிக்கு இல்லை’ என்ற குறிப்புடன் அவர் விண்ணப்பம் முந்தைய ஆண்டே திரும்பியிருந்தது. அக்குறிப்பை நாமே கோப்பில் கண்டிருக்கிறோம். பிற்பாடு ஒருநாள், “நீங்கள் கைப்பேசியை அணைத்து வைத்திருக்கலாமே, சட்டப்படி உங்களை யாரும் கேட்டிருக்க முடியாது” என்று நாம் சொன்னோம். “அந்தப் பெண்ணிடம் பேச வேறு யார் இருந்தார்கள்?” என்று அவர் திருப்பிக் கேட்டார். நமக்குப் பதில் தோன்றவில்லை. எல்லா அழைப்பையும் மறுப்பதே ஊழியரின் உரிமை என்று வாதிடுவோர் இவரை நினைத்துப் பார்க்கவேண்டும். எடுக்கவேண்டிய அழைப்புகள் உலகில் உண்டு. ஆனால் அவர் எடுத்தார் என்பதற்காக, அது அவருடைய சொந்த விருப்பம், சொந்தச் செலவு என்று நிறுவனம் எழுதிவிடலாமா? நல்லவருடைய நற்குணத்தைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, செலவை அவர் தலையில் எழுதுவது எந்த நியாயத்தில் சேரும்?

இதற்குள் கைப்பேசிக்கு இன்னொரு பணியும் வந்து சேர்ந்தது. கணினியில் நுழைய மறைச்சொல் மட்டும் போதாது, உம் கைப்பேசியில் வரும் கேள்விக்கும் ‘ஆம்’ என்று விடை தரவேண்டும் என்ற ஏற்பாடு பரவலாயிற்று. மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் நகரில் தோன்றி, 2018இல் சிஸ்கோ நிறுவனத்தால் 235 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட டூவோ என்னும் நிறுவனத்தின் செயலியை எண்ணற்ற பல்கலைக்கழகங்கள் ஏற்றன. திருடரைத் தடுக்க இது மிக நல்ல பூட்டு, ஐயமில்லை. ஆயினும் அலுவலகக் கதவின் சாவியை ஊழியரே சொந்தப் பணத்தில் வாங்கி வரவேண்டும் என்பது புதிது. கைப்பேசி வேண்டாதவருக்குச் சிறு சாவிக்கருவி ஒன்று பல இடங்களில் உண்டு. கேட்பவருக்குக் கிடைக்கும், கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

2020 மார்ச்சில் கொள்ளைநோயால் வளாகங்கள் மூடப்பட்டபோது, வீடே அலுவலகமாகிவிட்டது. இணையம், கணினி, மேசை, மின்சாரம் எல்லாம் ஊழியருடையன. கலிபோர்னியாவில் இதைப் பற்றி ஒரு நல்ல சட்டம் உண்டு. வேலையின் பொருட்டு ஊழியர் செய்யும் அவசியமான செலவை வேலை கொடுப்பவர் ஈடுசெய்யவேண்டும் என்பது அது. இச்சட்டப்படி, சொந்தக் கைப்பேசியை வேலைக்குப் பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால், அவர் எவ்வளவு பேசினாலும் ஒரே கட்டணம் என்ற திட்டத்தில் இருந்தாலும், பில்லில் நியாயமான ஒரு பங்கைக் கொடுத்தே தீரவேண்டும் என்று 2014இல் அம்மாநில மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. இதை நம்பி, அம்மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர், வீட்டிலிருந்து பாடம் நடத்த வாங்கிய சாதனங்களுக்கு ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். 2023இல் வந்த தீர்ப்பு: பல்கலைக்கழகம் மாநில அரசின் ஓர் உறுப்பு, அச்சட்டப்பிரிவு அரசைக் கட்டுப்படுத்தாது. தனியார் கடையின் ஊழியருக்குக் கிடைக்கும் உரிமை, அரசுப் பல்கலைக்கழகத்தில் அறிவு புகட்டுவோருக்கு இல்லை!

பணத்தைவிட நுட்பமான பொருள் ஒன்றும் உண்டு. அது அந்தரங்கம். கலிபோர்னியாவின் ஒண்டாரியோ நகரம் தன் காவலருக்குத் தந்த பேஜர் கருவிகளில் வந்த செய்திகளை எடுத்துப் படித்தது. அலுவல் காரணம் பற்றி அளவோடு செய்த அச்சோதனை முறையானதே என்று 2010இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்ப்புரைத்தது. கருவி அவர்களுடையது என்றால் பார்வையும் அவர்களுடையதாகலாம். அப்படியானால் சொந்தக் கைப்பேசி பாதுகாப்பானதா? அதுவும் முழுமையாக இல்லை. பொது அலுவல் பற்றிய செய்தி, அலுவலரின் சொந்தக் கைப்பேசியில் இருந்தாலும் அது பொது ஆவணமே, கேட்பவருக்குக் காட்டத்தக்கதே என்று 2017இல் கலிபோர்னிய உச்சநீதிமன்றம் கூறிற்று. அன்றியும், அலுவலக அஞ்சலைச் சொந்தக் கருவியில் பெறுவதற்குப் பல நிறுவனங்கள் ஒரு காப்புச் செயலியை நிறுவச் சொல்கின்றன. கருவி தொலைந்துபோனால் அதிலுள்ளவற்றைத் தொலைவிலிருந்தே அழிக்கும் அதிகாரம் சில ஏற்பாடுகளில் நிறுவனத்துக்கு உண்டு. அலுவல் கடிதம் மட்டும் அழியுமா, குழந்தையின் நிழற்படங்களும் சேர்ந்து அழியுமா என்பது, கையொப்பமிட்ட தாளின் சிறிய எழுத்தில் இருக்கும்.

சில நாடுகள் இவ்வெல்லையைச் சட்டத்தால் வரைய முற்பட்டுள்ளன. பிரான்ஸ் நாட்டில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்கு மேற்பட்ட நிறுவனங்கள், வேலைநேரம் கழிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர் பிரதிநிதிகளுடன் பேசி வழிவகுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலைநேரத்துக்கு வெளியே வரும் அழைப்பை, மறுப்பது நியாயமற்றதாகாத வரையில், ஊழியர் மறுக்கலாம். இந்த நிபந்தனையில் பொதிந்துள்ள அறிவை நாம் பாராட்டுகிறோம். இஸ்தான்புல்லில் அழுதுகொண்டு நின்ற மாணவியின் அழைப்பு ஒருவகை. திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நாற்காலி எத்தனை என்று ஞாயிறு இரவு கேட்கும் அழைப்பு வேறுவகை. இரண்டையும் ஒரே மணியோசையால் அறிவிக்கிறது கருவி. பிரித்தறிய வேண்டியது மனிதரே.

ஆகவே, புதிதாக வேலையில் சேரும் நம் இளைஞர்களுக்கு, பதவியேற்கும் முன்னரே சிலவற்றை எழுத்தில் கேட்டுக்கொள்ளும்படி நாம் சொல்லி வருகிறோம். கைப்பேசி தருகிறீர்களா, படி தருகிறீர்களா, இரண்டுமில்லையா? எந்நேரம் முதல் எந்நேரம் வரை நான் பதில் சொல்லவேண்டும்? அதற்கு அப்பால் வரும் அழைப்பின் நேரத்தை எந்தப் படிவத்தில் எழுதுவது? என் கருவியில் உங்கள் செயலி எதைப் பார்க்கும், எதை அழிக்கும்? நான் விலகும்போது எண் யாருடையது? இவ்வைந்தையும் பணிவோடு கேட்பதில் குற்றமில்லை. வேலை தேடி வந்தவன் இதையெல்லாம் கேட்பதா என்று கூசுவோர் உண்டு. கூச்சத்தால் கேளாமல் விட்டவர்கள் பின்னர் மனக்கசப்போடு முணுமுணுத்ததை நாம் நிறையக் கேட்டுவிட்டோம். முதல் நாளில் கேட்கும் கேள்வி பத்தாம் ஆண்டின் பகையைத் தவிர்க்கும்.

ஊழியர் பக்கத்துக் கடமையையும் சொல்லாமல் விடலாகாது. நிறுவனம் தந்த கருவி கையில் இருக்கும்வரை அது அமானிதம். அதை உடைத்துவிட்டு மறைப்பதும், அதில் சொந்த வியாபாரம் நடத்துவதும், தேவையில்லாதபோது தேவை என்று கையொப்பமிட்டுப் படி வாங்குவதும் நம்பிக்கைத் துரோகமே. அழைப்பே வராத பதவியில் அமர்ந்துகொண்டு உயர்ந்த படியைப் பல ஆண்டுகள் வாங்கியவர்களையும் அதே மேசையில் நாம் கண்டோம். அத்தொகை மாணவர் கட்டிய கட்டணத்திலிருந்தும் மக்கள் கட்டிய வரியிலிருந்தும் வந்தது.

ஆனால் அமானிதம் ஒருபக்கத்துச் சரக்கன்று. பொதுப்பணத்து விளக்கில் சொந்தப் பேச்சு நடக்கலாகாது என்று கலீஃபா அஞ்சினார். இன்று பெரும்பாலான வீடுகளில் நிலைமை தலைகீழாகியிருக்கிறது. சொந்த எண்ணெயில், சொந்த விளக்கில், சொந்த வீட்டில் அமர்ந்து ஊழியர்கள் பொது வேலை செய்கின்றனர்; அவ்விளக்கை அணைக்க யாரும் எழுந்து வருவதில்லை. ஊழியர் வீட்டுக்கு எடுத்துச் சென்ற காகிதத்துக்கும் கணக்குக் கேட்கும் நிறுவனம், ஊழியர் வீட்டிலிருந்து தான் எடுத்துக்கொண்ட இரவுகளுக்கும் கணக்கு வைத்திருக்கவேண்டும். மாதம் 40 டாலர் கூட்டிக் கொடுங்கள் என்பதன்று நம் கோரிக்கை. அந்த 40 டாலரால் எதை வாங்கினீர்கள் என்பதைத் தெளிவாக எழுதுங்கள் என்பதே. எழுதிவிட்டால், வாங்காதது எது என்பதும் இருசாராருக்கும் தெரிந்துவிடும். வாங்காத அந்நேரம் தாய்க்கும், மனைவி மக்களுக்கும், உறக்கத்துக்கும், இறைவனுக்கும் உரியது.